நாகப்பனுக்கு மிச்சமிருந்த காற்று

எழுதியிருப்பதோடு நிறுத்திக்கொண்டு படிக்க அவளால் முடியாது. அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இந்த ஒன்றுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

பெயர் வேண்டாம். நகரித் தறிக் கொட்டகையில் எல்லோருக்கும் அவள் 'படிக்கிற அக்கா'. அவளைவிட இருபது வயது மூத்த முனுசாமிகூட அப்படித்தான் கூப்பிடுவார். "ஏம்மே படிக்கிற அக்கா, தொண்டை கட்டிக்கப் போவுது, தண்ணி குடிச்சிட்டுப் படி" என்பார். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும்.

முனுசாமியின் மகன் பம்பாய்ப் பக்கம் ஒரு மில்லில் இருந்தான். மாதம் ஒரு கார்டு போடுவான். நாலு வரி. நலம், நலமறிய ஆவல், மழை, அடுத்த மாதம் பார்க்கலாம். அக்கா படித்தால் அது பத்து வரி ஆகும். "நைனா, உன் இருமல் எப்படி இருக்குது? காலைல குளிர்ல பாவு போட வெளியே போவாதே" என்றெல்லாம் மகன் கேட்டிருப்பான். முனுசாமி மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருமல் இப்போது தேவலை என்று பதில் எழுதச் சொன்னார். அடுத்த கார்டில் மகன் பதறிப்போய்க் கேட்டிருந்தான்: 'இருமலா? எப்போதிலிருந்து?'

அதை அவளேதான் படித்தாள். ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "இருமல் தேவலையா, ரொம்ப சந்தோசம் நைனா" என்று படித்தாள்.

நான் அப்போது கொட்டகைக்கு நூல்கட்டு சுமந்துகொண்டிருந்தேன். வந்த கதை பெரிதொன்றும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கங்காதர நெல்லூரில் அண்ணனோடு சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேன். சித்தூரில் வெல்லமண்டியில் மூட்டை தூக்கினேன். திருப்பதியில் ஓட்டலில் டம்ளர் கழுவினேன். அலிபிரியில் யாத்திரை வந்தவர்களின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படி ஏறினேன். முழங்கால் வீங்கியதும் கீழே இறங்கி ரயிலேறினேன். டிக்கெட் இல்லை என்று இறக்கிவிட்ட இடம் ஏகாம்பரகுப்பம். அங்கிருந்து நகரி நடக்கிற தூரம். அதனால் நகரி. வேறு ஊரில் இறக்கிவிட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அந்தக் கொட்டகையில் எட்டுத் தறி. எல்லாம் குழித்தறி. தரையில் குழி தோண்டி, நெய்கிறவர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்திருப்பார். தலை மட்டும் தறிக்கு மேலே தெரியும். நடுவில் ஒரு நூல்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அக்கா உட்கார்ந்திருப்பாள். எட்டாவது தறி அவளுடையது. ஆனால் அவள் நெய்வதில்லை. நான் வருவதற்கு முன்பு, நீளவாக்கு நூல் சுற்றியிருக்கும் பாவுக்கட்டை வலது கையில் விழுந்து மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. பக்கத்திலேயே புத்தூர். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ அங்கே கட்டுப்போட வருகிறார்கள். இவளோ கையில் இருக்கும் சேலை முடியட்டும் என்று பத்து நாள் கழித்துப் போனாள். எலும்பு கூடிவிட்டது. குறுக்கு இழை ஓட்டும் நாடாவை விரட்டக் கயிற்றைச் சுண்டி இழுக்க வேண்டுமே, அந்த வீச்சு மட்டும் திரும்பி வரவில்லை.

தறி நின்றால் கொட்டகைக்காரர் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். அதற்குத்தான் மற்ற ஏழு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாரத்தில் ஆளுக்கு ஒரு வேளை அவள் தறியில் இறங்கி நெய்வது. பதிலுக்கு அவள் உட்கார்ந்து படிப்பது. காலையில் பேப்பர், மத்தியானம் கதை, நடுவில் யாருக்காவது கடுதாசி. எட்டாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாய் நின்றால் தறி நிற்கும், தறி நின்றால் அவளுக்குச் சோறு நிற்கும். இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தெரியாதவர்களும் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிது ஆகாயக் கப்பல் கதை. மதராஸிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் வருடக்கணக்காக வந்துகொண்டிருந்த தொடர். ஒரு கேப்டனும் ஐந்து பேரும் கப்பலில் பூமியை விட்டுக் கிளம்பி, ஒவ்வொரு கிரகமாக இறங்கி ஏறுகிறார்கள். அதில் மெக்கானிக் நாகப்பன் என்று ஒருவன். அவன்தான் கொட்டகைக்குச் செல்லப்பிள்ளை. பெரிய பேச்சு பேசமாட்டான். ஏதாவது உடைந்தால் சரிசெய்வான். கேப்டன் வீரம் பேசும்போது இவன் ஒரு மூலையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருப்பான். "நம்ம ஆளு" என்பார்கள். எழுதியவர் திடீரென்று காலமாகிவிட்டார். அவர் கடைசியாக எழுதிய அத்தியாயத்தில் புயல் வருகிறது, கப்பல் அவசரமாக எழும்புகிறது, நாகப்பன் பாறைமேல் தனியாக நின்றுவிடுகிறான். முதுகில் இருக்கும் பீப்பாயில் கொஞ்சம் காற்று. அவ்வளவுதான்.

நான்கு மாதம் பத்திரிகையில் அந்தக் கதை இல்லை. கொட்டகையில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. துரை என்று ஒருவர், கோபக்காரர், முதல் தறி. பத்திரிகை வாங்க ஸ்டேஷன் போகிறவன் நான்; திரும்பி வந்தாலே "வந்துச்சா?" என்பார். வரவில்லை என்றால் என்மேல் எரிந்து விழுவார், நானே பாதி வழியில் தின்றுவிட்டேன் என்பதுபோல.

அந்த நாட்களே அப்படித்தான் இருந்தன. ஆந்திரம் தனியாகப் பிரிந்துவிட்டது. எல்லை எங்கே என்று முடிவாகவில்லை. ஒரு நாள் தமிழில் கோஷம் போட்டுக்கொண்டு ஊர்வலம், மறுநாள் தெலுங்கில். ஸ்டேஷன் பலகையில் தார் பூசுவார்கள், அழிப்பார்கள், மறுபடியும் பூசுவார்கள். வீடு கட்டுகிறவன் பாதிச் சுவரோடு நிறுத்தி வைத்திருந்தான். டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்குவதற்குள் "நம்ம எந்தப் பக்கம்?" என்று யாராவது கேட்டுவிடுவான். எனக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். இருந்தும் அந்தப் பரபரப்பு என்னையும் தொற்றிக்கொண்டது. கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஐந்தாம் மாதம் கதை வந்தது. ஆனால் படக்கதையாக வந்தது. வேறு யாரோ எழுத, வேறு யாரோ வரைந்திருந்தார்கள். பக்கத்துக்கு ஆறு கட்டம். கேப்டன் கிழவனாகிவிட்டான். அவன் மகன் பெரியவனாகி, துப்பாக்கி வைத்துக்கொண்டு புதுக் கப்பலில் போகிறான்.

நான் ஸ்டேஷனிலிருந்து நடந்து வரும்போதே முழுவதும் புரட்டிவிட்டேன். வாசலில் நுழைந்ததும் தறிகளின் ஓசை கொஞ்சம் தணிந்தது. அக்கா புத்தகத்தைப் பிரித்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள்.

"இன்னா அக்கா, படியேன்" என்றார் துரை.

"'ஆ!'" என்று படித்தாள் அக்கா.

"அப்பால?"

"'டமால்! அதோ பார்!'"

"எதைப் பாக்கறது?"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. கதை இப்போது படத்தில் இருந்தது. இவர்கள் கண் பாவில் இருந்தது. கண்ணை எடுத்தால் இழை அறும். ஏழு பேரும் காதால் மட்டும் கதை கேட்கிறவர்கள். அவர்களுக்கு அந்தப் பத்திரிகையில் மிஞ்சியது 'ஆ'வும் 'டமால்'உம்தான்.

"படத்துல இன்னா இருக்குதுன்னு சொல்லு" என்றார் முனுசாமி. அக்கா சொல்ல ஆரம்பித்தாள். கப்பல், நெருப்பு, கேப்டன் மகன், அவன் தொப்பி. முதல் பக்கம் சரியாகத்தான் சொன்னாள். பக்கத்தில் நின்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாகப்பன் இன்னா ஆனான்?" என்றார் துரை.

அக்கா மூன்றாம் பக்கத்தைப் பார்த்தாள். அதில் கேப்டன் மகன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பாறை.

"பின்னாடி ஒரு பாறை இருக்குது" என்றாள். "பாறை மூலையில..." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரு கை தெரியுது."

ஏழு தறியும் நின்றன.

வெகு காலம் கழித்து, திருப்பதியில் பழைய பேப்பர்க் கடைகளில் அந்தப் படக்கதையின் இதழ்கள் அகப்படும்போதெல்லாம் நான் வாங்கிப் பார்த்திருக்கிறேன். கேப்டன் மகன் ஒரு ராணியைக் கல்யாணம் செய்துகொள்கிறான், கதை முடிகிறது. அது எனக்கு முக்கியமாகப் படுவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் பாறை மூலைகளைத்தான் முதலில் பார்க்கிறேன். படிக்கிற பழக்கத்தைக் கெடுத்துவிட்டாள்.

அதிலிருந்து மாதம் ஒரு பத்திரிகையை வைத்துக்கொண்டு நாகப்பன் கதையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவந்தாள். நாகப்பன் தவழ்ந்து ஒரு குகைக்குள் போனான். உடைந்துபோன பழைய கப்பல் ஒன்றைக் கண்டுபிடித்தான். அவள் சொன்ன நாகப்பனுக்கு வலது கை சரியாக வராது. பழைய கதையில் அவனுக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருந்தன. ஒருவரும் கேட்கவில்லை. காற்றுக்குழாயைப் பல்லில் கடித்துப் பிடித்து அவன் ஒற்றைக் கையால் மரை திருகிய அன்று, ஐந்தாவது தறியில் இருந்த ஓபய்யா எழுந்து குழிக்கு வெளியே வந்து நின்றுவிட்டார். ஓபய்யாவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். அவருக்காக நடுநடுவே தெலுங்கிலும் சொல்வாள். தெலுங்கில் சொல்லும்போது கதை இன்னும் நீளும். "எங்களுக்குச் சொல்லாத எதையோ அவனுக்குச் சொல்றே" என்று துரை சண்டைக்கு வருவார்.

பேப்பரில் மட்டும் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கமாட்டாள். எல்லைத் தீர்ப்பு வந்த அன்று எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போகிறது. நகரி, புத்தூர், சித்தூர் எல்லாம் ஆந்திரத்திலேயே. அச்சிலிருந்தபடி படித்துவிட்டுப் பேப்பரை மடித்தாள்.

"ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக்கூடாதா, அக்கா?" என்றார் முனுசாமி. அவர் பெண்ணைக் கொடுத்திருந்தது திருத்தணியில்.

"பேப்பர்ல கூட்டினா ஊருல அடிதடி ஆவும். கதைல கூட்டினா யாருக்கு இன்னா?"

துரை நாடாவை விரட்டிக்கொண்டே சொன்னார்: "உடுங்க. நம்மளையும் பாறை மேல உட்டுட்டுக் கப்பல் போய்க்கினே இருக்குது." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

'யாருக்கு இன்னா' என்றாளே, அந்த இடத்தில்தான் அவள் கணக்குத் தப்பியது. அதற்குக் காரணம் நான்.

பத்திரிகையில் வாசகர் கடிதம் என்று ஒரு பகுதி உண்டு. படக்கதையாக மாறிய பிறகு அது இரண்டு பக்கமாகப் பெருத்துவிட்டது. பாதிப்பேர் திட்டினார்கள், பாதிப்பேர் கொண்டாடினார்கள். 'பழைய எழுத்தாளர் வார்த்தையால் கட்டிய கப்பலை நீங்கள் பொம்மையாக்கிவிட்டீர்கள்' என்று காரைக்குடிக்காரர் ஒருவர். 'பழைய கதை தூக்கம் வரவழைத்தது, படம் ஜோர்' என்று சேலத்திலிருந்து ஒருவர். காற்றில்லாத கிரகத்தில் கொடி எப்படிப் பறக்கிறது என்று ஒரு காலேஜ் மாணவன். கொட்டகையில் இந்தப் பகுதிக்குத்தான் கிராக்கி. அது முழுக்க எழுத்தாக இருந்தது. காலேஜ் மாணவனை அக்கா மூக்கால் படிப்பாள். காரைக்குடிக்காரருக்கு ஏப்பம் விடுகிற குரல். அவள் படித்து முடித்ததும் ஏழு பேரும் அந்த அபிப்பிராயங்களுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள்.

"எல்லாரும் எழுதறான். ஒருத்தனாவது நாகப்பனைப் பத்தி எழுதறானா பாரு" என்று ஒரு நாள் துரை பொங்கினார். "அவ்ளோ கஷ்டப்படறான். பல்லால குழாயைக் கடிச்சிகினு இருக்கறான். கொடி பறக்குதாம் கொடி! அக்கா, நாம ஒரு கடுதாசி போடலாம்."

"கடுதாசி கிடுதாசி எதுக்கு? அவனுங்க இதெல்லாம் படிக்கமாட்டானுங்க" என்றாள் அக்கா.

"அச்சடிக்கறானே!"

"பேர் தெரிஞ்சவங்களுது மட்டும் அச்சடிப்பான்."

அப்படியே பேச்சை மாற்றிவிட்டாள். துரை விடவில்லை. மறுநாள் நான் நூல்கட்டை இறக்கும்போது என்னைச் சந்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"உனக்கு எழுத வருமில்ல?"

"வரும்."

"எழுது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நாகப்பன் என்ற பாத்திரமே அந்தப் படக்கதையில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் பத்திரிகையை முதலில் பார்க்கிறவன் நான். துரையிடம் அதைச் சொல்லியிருக்கலாம். கடிதத்தை எழுதி, போகிற வழியில் கிழித்துப் போட்டிருக்கலாம். தபால் பெட்டிக்கு முன்னால் ஒரு பீடி முடிகிற நேரம் நின்றேன். என் கையால் எழுதியது அச்சில் வரும் என்ற நினைப்பு வந்தது. போட்டுவிட்டேன்.

வந்தது. இரண்டு மாதம் கழித்து, பக்கத்தின் நடுவில், முழுக் கடிதமும். கீழே ஆசிரியர் பதில்.

அன்று ஸ்டேஷனிலிருந்து கொட்டகைக்கு வர எனக்கு அரை நாள் ஆனது. நேராகப் போய் அக்காவின் கையில் கொடுத்தேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. அவளாகவே பார்த்துவிட்டாள். படிக்கிறதுக்கு முன்னால் அவள் பார்வை ஒரு தடவை பக்கத்தின் மேலிருந்து கீழே போய் வரும், அது எனக்குப் பழக்கம். அன்றைக்குக் கீழே போன பார்வை அங்கேயே நின்றது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"நம்மளுது வந்துச்சா?" துரையின் குரல் உச்சியில் இருந்தது. "கண்டுபுடிச்சிட்டேன், அவ மூஞ்சியே சொல்லுது! படி அக்கா!"

அவள் எதையும் மாற்றிப் படித்திருக்கலாம். பிரமாதம் நகரி வாசகர்களே, உங்கள் நாகப்பனைக் கைவிடமாட்டோம் என்று ஆசிரியர் எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கலாம். இருமல் கார்டைப் படித்தவளுக்கு அது ஒரு பெரிய காரியமா? நான் மனதுக்குள் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றேன்.

படித்தாள். 'நகரி தறிக்காரர்கள் எழுதுவது. நாகப்பன் ஒற்றைக் கையால் காற்றுக்குழாயைப் பூட்டிய காட்சி மிகவும் நன்றாக இருந்தது. அவனுக்கு இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் காற்று இருக்கிறது. உடனே கப்பலைத் திருப்பவும். கேப்டன் மகன் சிரித்தது போதும்.' அதுவரை ஆரவாரம். பிறகு ஆசிரியர் பதில். 'பழைய தொடரில் இருந்திருக்கலாம்; நம் படக்கதையில் நாகப்பன் என்று ஒருவர் இதுவரை வரவே இல்லை. நகரி வாசகர்கள் வேறு எந்தப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு நமக்கு எழுதுகிறார்கள்? ஒருவேளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்களோ!'

ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. கதைப் பத்திரிகையை அவள் அப்படிப் படித்து நான் கேட்டது அன்றுதான்.

துரை குழியிலிருந்து ஏறி வந்து புத்தகத்தைப் பிடுங்கினார். எழுத்துத் தெரியாது, படம் தெரியுமே. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். மற்றவர்களும் ஏறி வந்து சுற்றி நின்றார்கள். இத்தனை மாதத்தில் அவர்கள் அந்தப் படங்களைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேப்டன் மகன் எல்லாப் பக்கத்திலும் பல்லைக் காட்டினான்.

"நாகப்பன் எங்க?" என்றார் முனுசாமி.

"இதுல இல்லை" என்றாள் அக்கா.

"எதுல இருக்கான்?"

"பாறை மேல உட்டதுக்கு அப்பால எதுலயும் இல்லை. நானா சொன்னது."

துரையின் முகம் கோபத்தைவிட வெட்கத்தில் சிவந்திருந்தது. "ஊருக்கெல்லாம் அச்சடிச்சி அனுப்பறான், நகரிக்காரன் தலைகீழாப் படிக்கறான்னு. நானு பம்ப்செட்டுக்காரன்கிட்ட எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், எங்க கடுதாசி வரப்போவுதுன்னு. பொண்டாட்டிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்." புத்தகத்தை அவள் மடியில் போட்டார். "இனிமே உன் தறியில என் கை படாது."

அவர் பின்னால் இன்னும் நான்கு பேர். முனுசாமியும் ஓபய்யாவும் மட்டும் தங்கள் முறைக்கு இறங்கினார்கள். இரண்டு வேளை நெசவில் ஒரு சேலை எப்போது முடியும்? கொட்டகைக்காரர் வந்து பாதியில் நிற்கும் பாவைப் பார்த்தார். நல்ல மனிதர்தான். "வர்ற அமாவாசை வரைக்கும் பாக்கறேன்மா. அப்பால புத்தூர்லருந்து ஒரு ஆளு கேட்டுகினு இருக்கறான், அவனுக்குக் குடுத்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அமாவாசையன்று தறி ஓடாது. மறுநாள் புது ஆள் இறங்கலாம். இருபத்தாறு நாள் இருந்தது.

அக்கா வழக்கம்போல வந்து நூல்பெட்டிமேல் உட்கார்ந்தாள். காலையில் பேப்பர் படித்தாள். கேட்டுக்கொண்டார்கள். மத்தியானம் யாரும் கதை கேட்கவில்லை; நாகப்பனுக்கு மூன்று நாள் காற்றுதான் மிச்சம் என்ற இடத்திலேயே அது நின்றுபோனது. கதைநேரத்தில் எட்டுப் பேரின் மூச்சும் ஏழு நாடாவின் சத்தமும்தான். இரண்டாம் வாரத்தில் நெய்வதிலும் கோளாறு வந்தது. இழை அறுந்தது, கரை கோணியது. கதை இல்லாமல் அவர்களுக்குக் கை ஓடவில்லை.

நான் ஒரு நாள் யாரும் வருவதற்கு முன்னால் அவள் தறியில் இறங்கிப் பார்த்தேன். கயிற்றை இழுத்தேன். நாடா பாதி வழியில் பாவுக்குள் பாய்ந்து பதினொரு இழையை அறுத்தது. வாசலில் நின்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறி வாடா. இருக்கறதையும் கெடுக்காதே."

ஏறி வந்தேன். அறுந்த இழைகளை இடது கையால் ஒவ்வொன்றாக முடிய ஆரம்பித்தாள்.

"தெரிஞ்சேதானே எழுதினே?" என்றாள் திரும்பாமல்.

"ஆமா."

"இன்னாத்துக்கு?"

"அச்சுல வரும்னு."

முடிச்சுப் போடும் கை நின்றது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள். "எம் பொய்யி அச்சுல வந்துடுச்சி பாரு" என்றாள். அந்தச் சிரிப்பில் எனக்கு மன்னிப்பு இருந்ததா என்று இன்றுவரை தெரியாது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கும்போது அடுத்த இதழ் வந்தது. ரயிலிலிருந்து கட்டு விழுந்ததும் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து பிரித்தேன். வாசகர் கடிதம். படித்துவிட்டு, வீங்கின முழங்காலோடு நகரி வரை ஓடினேன்.

அக்காவிடம் நீட்டினேன். அவள் பார்வை மேலிருந்து கீழே போய் வந்தது. திருப்பி என்னிடமே கொடுத்தாள்.

"நான் படிச்சா நம்பமாட்டாங்க. நீ படி."

படித்தேன். எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். பொன்மலையிலிருந்து ஒரு ரயில்வே தொழிலாளி எழுதியிருந்தார். 'எட்டு வருடமாகப் படிக்கிறவன். நாகப்பனைப் பாறைமேல் விட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. நகரிக்காரர்கள் படிப்பதுதான் உண்மையான கதை. ஆசிரியர் அவர்களைக் கேலி செய்யாமல் அவர்களிடம் கேட்டு வாங்கிப் போடவும். ஒற்றைக் கையால் குழாயைப் பூட்டினானாமே, மரையை எப்படித் திருகினான்? நானும் அந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கேட்கிறேன்.' அதன் கீழே மாயவரத்திலிருந்து ஒரு பெண்மணி. 'நாகப்பன் உயிரோடு இருக்கிறானா? நகரி அன்பர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும்.' இன்னொன்று காலேஜ் மாணவன். கொடிக்காரன்தான். 'ஒரு பீப்பாய்க் காற்று இத்தனை நாள் வராது. ஆனால் வந்தால் நன்றாக இருக்கும்.'

ஆசிரியர் பதில் ஒன்றுமில்லை.

தறிகள் எப்போது நின்றன என்று நான் கவனிக்கவில்லை. துரை என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒண்ணும் சேக்கலியே?"

"எனக்குச் சேக்க வராதுண்ணா."

"அது தெரியுது. நீ படிச்சது ஆடு மேயறாப்பல இருந்துச்சி." கடிதப் பக்கத்தை வாங்கி, தெரியாத எழுத்தின்மேல் விரலை ஓட்டினார். "பொன்மலையாம். மெக்கானிக்காம். நம்மகிட்ட கேக்கறான்."

"எதுலயும் இல்லைன்னியே அக்கா" என்றார் முனுசாமி, "இதோ இதுல இருக்கறானே."

"நாகப்பா உன்னாடா லேடா?" என்றார் ஓபய்யா. இருக்கானா இல்லையா, அவருக்கு அது தெரிந்தால் போதும்.

துரை தன் தறிக்குத் திரும்பவில்லை. கொட்டகையின் கோடிக்குப் போனார். எட்டாவது தறியின் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தார். பாவின்மேல் படிந்திருந்த தூசை வாயால் ஊதினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"மூணு நாளைக்குத்தான் காத்து இருக்குதுன்னு சொன்னே. அது சொல்லி ஒரு மாசம் ஆவப்போவுது. எப்படி இருப்பான் அவன்?"

"நீங்கதானே தறியை நிறுத்தினீங்க?" என்றாள் அக்கா. "இங்க நின்னா அங்கயும் நிக்கும்."

துரை கயிற்றைச் சுண்டினார். நாடா ஓடியது. அக்கா என் கையிலிருந்த பத்திரிகையை வாங்கினாள். பிரிக்கவில்லை. மூடி மடியில் வைத்து, அதன்மேல் அந்த வளைந்த வலது கையை வைத்துக்கொண்டாள். புத்தகத்தை மூடிவிட்டு அவள் கதை சொல்லி அதற்கு முன் ஒருவரும் பார்த்ததில்லை.

"இன்னும் மூணு நாள் இருக்குது" என்று ஆரம்பித்தாள்.